சிலிக்கான் கீற்றணியின் வரி வடிவத்தை உடைக்காமல், லேசர் ஒளியை மட்டும் கொண்டு அளக்க முடியுமா?

நுண்வரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் ஆய்வு மாணவியான நான் ஒரு சிறிய அளவீட்டுச் சிக்கலில் நிற்கிறேன். இத்துறையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு சிலிக்கான் கீற்றணி, அதாவது சம இடைவெளியில் நுண்ணிய வரிகள் செதுக்கிய தகடு. அதன் பிட்ச் (ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரியின் தொடக்கம் வரையுள்ள தொலைவு) 4 மைக்ரோமீட்டர். ஃபோட்டோரெசிஸ்ட் என்னும் ஒளியுணர் பூச்சைப் பூசி, வரிகளைப் பதித்து, பிளாஸ்மா எட்ச்சிங் (பிளாஸ்மாவால் அரித்துச் செதுக்குதல்) செய்து, பின்னர் ரெசிஸ்ட்டை முழுமையாக நீக்கிவிட்டோம். எனவே மேடும் பள்ளமும் இரண்டுமே வெறும் சிலிக்கான்தான். மேட்டின் அகலம், பள்ளத்தின் ஆழம், பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கிறதா அல்லது சாய்ந்திருக்கிறதா என்ற மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால் மூன்றும் ஒரே படத்தில் கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு மாதிரியை உடைக்க வேண்டும். என்னிடம் நல்ல நிலையில் இருப்பது இந்த ஒரே துண்டுதான், இதன்மீதுதான் அடுத்த கட்டச் சோதனைகள் அனைத்தும் நடக்க வேண்டும். மேலிருந்து எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் வரியின் இரு விளிம்புகளும் வெள்ளைக் கோடுகளாகத் தடித்துத் தெரிகின்றன, விளிம்பு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய இயலவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் 632.8 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர் ஒன்று, 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒன்று, கோணம் படிக்கக்கூடிய சுழல் மேடை, ஒரு ஒளி டையோடு, இரண்டு தளவிளைவாக்கிகள் (ஒளியின் மின்புலம் ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டுபவை) ஆகியவை உள்ளன. லேசரை மாதிரியின்மீது விழச் செய்தால் சுவரில் வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன. புள்ளிகளின் கோணத்திலிருந்து பிட்ச்சைக் கணக்கிடுவது பள்ளிப் பாடம், அதைச் செய்துவிட்டேன், 4 மைக்ரோமீட்டர் சரியாகவே வருகிறது. அதற்கு மேல், புள்ளிகளின் செறிவிலிருந்து (ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதிலிருந்து) வரியின் வடிவத்தை மீட்க முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு தூரம் நம்பலாம்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டு 400 நானோமீட்டர் பிட்ச் கொண்ட மாதிரிகள் வரவிருக்கின்றன. அவற்றிற்கும் இதே வழி பொருந்துமா?

தளவிளைவு (பதில்)

வணக்கம். மேட்டின் அகலத்திற்கும் பள்ளத்தின் ஆழத்திற்கும் உங்களிடம் உள்ள கருவிகளே போதும். பக்கச் சுவரைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதைப் பிட்ச்சும் அலைநீளமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஒளி போகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒரு பிட்ச்சுக்குள் இருக்கும் வடிவம். இந்தப் பிரிவினை மனத்தில் தெளிவாக நின்றுவிட்டால் மற்றவை தாமாக வரும். உங்கள் மாதிரியில் சிவப்பு ஒளி நேர்க்குத்தாக விழுந்தால் முதல் வரிசை (நடுப்புள்ளியை அடுத்து இருபுறமும் வரும் முதல் புள்ளி) 9.1 பாகையிலும், இரண்டாவது 18.4 பாகையிலும், மூன்றாவது 28.3 பாகையிலும், நான்காவது 39.3 பாகையிலும் வரும். இவை நான்கையும் சுழி வரிசையையும் (அதாவது நேராக எதிரொளிக்கும் கற்றையையும்) சேர்த்து ஐந்து செறிவுகளை நீங்கள் அளக்கலாம்.

மேடும் பள்ளமும் ஒரே பொருள் என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. இரண்டும் ஒரே அளவு எதிரொளிக்கும். பள்ளத்திலிருந்து திரும்பும் ஒளி, ஆழத்தின் இரு மடங்குத் தொலைவைக் கூடுதலாகக் கடந்து வருவதால் கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்க நிலையில்) மட்டும் பின்தங்கும். பிட்ச்சில் மேட்டின் பங்கை நிரப்பு விகிதம் என்போம். சுவர் செங்குத்து என்று கொண்டால், எல்லா உயர் வரிசைகளிலும் ஆழம் ஒரே காரணியாக நுழைகிறது. ஆகவே இரண்டு உயர் வரிசைகளின் விகிதத்தை எடுத்தால் ஆழம் கழிந்துபோய் அகலம் மட்டும் எஞ்சும். குறிப்பாக, இரண்டாம் வரிசைச் செறிவை முதல் வரிசைச் செறிவால் வகுத்தால் கிடைப்பது, பையை நிரப்பு விகிதத்தால் பெருக்கிய கோணத்தின் கொசைன் வர்க்கம். மேடும் பள்ளமும் சம அகலம் என்றால் இது சுழியாகிவிடும், இரண்டாம் புள்ளி சுவரிலிருந்து மறைந்தே போகும். நிரப்பு விகிதம் 0.4 என்றால் ஏறத்தாழ 0.095, 0.3 என்றால் 0.345. இவ்வளவு விரைவாக மாறும் ஓர் எண் கையில் கிடைப்பது அரிது.

ஆனால் 0.4-க்கும் 0.6-க்கும் இந்த விகிதம் ஒன்றேதான். அகன்ற மேடும் குறுகிய பள்ளமும் இருக்கும் கீற்றணியையும், அதைத் தலைகீழாக்கிய கீற்றணியையும் செறிவுகள் வேறுபடுத்திக் காட்டமாட்டா. எத்தனை வரிசைகளை அளந்தாலும் இந்த இரட்டைத்தன்மை இந்தக் கணக்கில் நீங்காது. உங்கள் அளவுக்கு இது கவலைக்குரியதன்று. நூறு மடங்கு பொருளருகு வில்லை பொருத்திய சாதாரண ஒளி நுண்ணோக்கியில், மேடு அகலமா பள்ளம் அகலமா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். துல்லியமான எண்ணை லேசர் தரட்டும், இரண்டில் எது என்பதை நுண்ணோக்கி சொல்லட்டும்.

அகலம் தெரிந்த பின் ஆழத்திற்கு வாருங்கள். முதல் வரிசையைச் சுழி வரிசையால் வகுத்தால் ஆழம் சார்ந்த காரணி மட்டும் தெரியாததாக மிஞ்சும். அது ஒரு சைன் வர்க்கம் என்பதால் அங்கும் ஐயப்பாடு உண்டு. சிவப்பு ஒளிக்கு 100 நானோமீட்டர் ஆழமும் 216 நானோமீட்டர் ஆழமும் ஒரே விடையைத் தரும், ஏனெனில் இரண்டின் கூட்டுத்தொகை அரை அலைநீளம். பச்சை லேசர் இங்கேதான் கைகொடுக்கிறது. அதே இரண்டு ஆழங்களுக்கும் பச்சை ஒளியில் அந்தக் காரணி 0.86 என்றும் 0.31 என்றும் வெகுவாகப் பிரிந்துவிடும். ஆகவே இரண்டு அலைநீளங்களிலும் கட்டாயம் அளவிடுங்கள்.

அளவீட்டு முறையைப் பற்றிச் சில சொற்கள். நேர்க்குத்தாக ஒளியைச் செலுத்தினால் சுழி வரிசை லேசருக்குள்ளேயே திரும்பிப் போகும், அதை அளக்க முடியாது, லேசரும் நிலைகுலையும். அதனால் மாதிரியைச் சற்றே சாய்க்க வேண்டும். வரிகளுக்குக் குறுக்காகச் சாய்த்தால் இடப்புற வரிசைகளும் வலப்புற வரிசைகளும் சமச்சீரை இழக்கும். வரிகள் ஓடும் திசையிலேயே மூன்று நான்கு பாகை சாய்த்தால், புள்ளிகள் எல்லாம் சற்று மேலே நகர்ந்து, இருபுறமும் சமமாகவே நிற்கும். அதன் பின்னும் இடப்புற முதல் வரிசையும் வலப்புற முதல் வரிசையும் வேறு வேறு செறிவு காட்டினால், மாதிரியை 180 பாகை திருப்பி மீண்டும் அளவிடுங்கள். வேறுபாடும் கூடவே திரும்பினால் இரு சுவர்களும் ஒன்றுபோல் இல்லை என்று பொருள். திரும்பாமல் அங்கேயே நின்றால் குறை உங்கள் மேடையில் இருக்கிறது.

ஒளி டையோடு நேர்கோட்டில் வேலை செய்கிறதா என்பதையும் முதலில் சோதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் அளவீட்டில் சுழி வரிசை டையோடைத் தெவிட்ட வைத்துவிட்டது (ஒளி கூடினாலும் அது காட்டும் அளவு கூடவில்லை). அதை அறியாமல் இரண்டு வாரங்கள் விகிதங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன், கிடைத்த ஆழம் எந்த அலைநீளத்திலும் ஒத்துவரவில்லை. ஒளியை எவ்வளவு குறைக்கும் என்று தெரிந்த வடிகட்டி ஒன்றைக் கற்றையின் குறுக்கே வைத்து, எல்லா வரிசைகளும் ஒரே விகிதத்தில் குறைகின்றனவா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கோணப் படிப்பைச் சரிபார்க்க ஒரு பழைய குறுந்தகடு போதும். அதன் தடங்களுக்கு இடையிலான தொலைவு 1.6 மைக்ரோமீட்டர். சிவப்பு ஒளியில் முதல் வரிசை 23.3 பாகையிலும் இரண்டாவது 52.3 பாகையிலும் வர வேண்டும். தடங்களுக்கு மேலே 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம், இணைப்பரப்புள்ள தகடு காற்றில் வெளியேறும் கோணத்தை மாற்றாது.

சுவரின் சாய்வைப் பற்றி. சாய்ந்த சுவர் உயர் வரிசைகளைத் தொடும் என்பது உண்மை. மேடும் பள்ளமும் சம அகலமாக இருக்கும்போது மறைய வேண்டிய இரட்டைப்படை வரிசைகள்கூடச் சுவர் சாய்ந்தால் மெல்லத் தலைகாட்டும். ஆனால் அங்கே கவனம் தேவை. அதை வேஃபர் (சிப்புகள் செய்யப்படும் சிலிக்கான் தகடு) அளவீட்டில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வேஃபர்_அளவையாளர் (பதில்)

மேலே உள்ள பதிலை முழுமையாக ஏற்கிறேன். 400 நானோமீட்டர் மாதிரிகளைப் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன், ஏனெனில் அங்கே ஆட்டமே வேறு.

சிவப்பு ஒளி 400 நானோமீட்டர் பிட்ச்சின்மீது நேர்க்குத்தாக விழுந்தால் சுழி வரிசையைத் தவிர வேறு எந்தப் புள்ளியும் வராது, ஏனெனில் முதல் வரிசைக்கு வேண்டிய சைன் மதிப்பு 1.58, அப்படி ஒரு கோணம் இல்லை. ஏறத்தாழ 36 பாகைக்கு மேல் சாய்வாக ஒளியைச் செலுத்தினால் ஒரே ஒரு பக்க வரிசை பின்னோக்கி எட்டிப் பார்க்கும். பிட்ச் 316 நானோமீட்டருக்கும் கீழே போய்விட்டால் எந்தக் கோணத்திலும் அதுவும் கிடையாது. சுவரில் ஒரே ஒரு புள்ளி. பார்ப்பவர்களுக்கு அது வெறும் கண்ணாடி போலத் தோன்றும்.

ஆனால் அந்த ஒற்றைப் புள்ளியின் செறிவு, படுகோணத்தோடும் தளவிளைவோடும் மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்திற்குள் வரியின் வடிவம் பதிந்திருக்கிறது. மின்புலம் வரிகளுக்கு இணையாக இருக்கும்போது ஒளி காணும் ஒளிவிலகல் எண் வேறு, குறுக்காக இருக்கும்போது வேறு. அலைநீளத்தைவிட மிக மிகச் சிறிய பிட்ச் என்று எடுத்துக்கொண்டால், பாதி சிலிக்கானும் பாதி காற்றும் உள்ள வரிகளுக்கு ஒரு திசையில் சுமார் 2.8 என்றும் மறு திசையில் சுமார் 1.4 என்றும் வருகிறது. இயற்கையில் கிடைக்கும் எந்தப் படிகத்திலும் நாம் பழகாத அளவுக்குப் பெரிய இரட்டை விலகல் இது. உங்கள் 400 நானோமீட்டருக்கு இந்த எளிய சராசரி பொருந்தாது, சிலிக்கானுக்குள் சிவப்பு ஒளியின் அலைநீளமே 163 நானோமீட்டர்தான். ஆயினும் தளவிளைவு ஏன் இவ்வளவு பேசுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்கு உதவும்.

இந்த முறையைத்தான் எங்கள் தொழிலில் ஸ்கேட்டரோமெட்ரி என்கிறோம். லேசரின் படுகோணத்தைப் படிப்படியாக மாற்றி, எதிரொளிக்கும் செறிவை இரு தளவிளைவுகளிலும் பதிவு செய்து, அந்த வளைவரையை வரியின் கையொப்பமாகக் கொள்ளும் வழியை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகக் குழுவினர் 1990-களில் வளர்த்தெடுத்தார்கள். இன்று சிப் ஆலைகளில் ஒற்றை அலைநீள லேசருக்குப் பதிலாகப் பெரும்பாலும் பல அலைநீள ஒளியைப் பயன்படுத்துகிறோம், அடிப்படை மாறவில்லை. சிப்புகளுக்கு இடையே வெட்டுவதற்காக விட்ட ஒடுக்கமான பாதையில், சில பத்து மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கீற்றணியை அளவீட்டுக்கென்றே அச்சிட்டு வைத்திருப்போம். வேஃபர் உடையாமல், வெற்றிடத்திற்குள் போகாமல், சில நொடிகளில் அளவு கிடைத்துவிடும்.

கையொப்பத்திலிருந்து வடிவத்தை நேரடியாகத் திருப்பிக் கணக்கிட வழியில்லை என்பதுதான் இதன் மையச் சிக்கல். வடிவத்தைக் கொடுத்தால் கையொப்பத்தைக் கணக்கிடலாம். அதற்கு மோகரம், கெய்லார்ட் ஆகிய இருவர் 1981-இல் வெளியிட்ட இணையலைப் பகுப்பாய்வு முறை இன்றும் எங்கள் அன்றாடக் கருவி. மின்புலம் வரிகளுக்குக் குறுக்காக இருக்கும்போது இந்தக் கணக்கு மிக மெதுவாகவே குவிந்துவந்தது, அந்தக் குறை 1996-இல்தான் தீர்ந்தது. நீங்கள் பழைய நிரல் எதையாவது பயன்படுத்தினால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எனவே நாங்கள் செய்வது, அகலம், ஆழம், சுவர்ச் சாய்வு ஆகியவற்றைச் சிறு சிறு படிகளாக மாற்றி ஆயிரக்கணக்கான கையொப்பங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அளந்த கையொப்பத்திற்கு மிக நெருக்கமானது எது என்று தேடுவது.

தேடினால் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எட்ச்சிங் முறையைச் சீர்செய்துகொண்டிருந்தபோது, சுவர் மேலிருந்து கீழாக அகன்றுகொண்டே போகும் ஒரு சரிவக வடிவத்தை மாதிரியாகக் கொண்டு தேடினோம். பொருத்தம் மிகச் சிறப்பாக இருந்தது. அளந்த வளைவரையும் கணக்கிட்ட வளைவரையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒற்றைக் கோடாகத் தெரிந்தன. சுவர் 88 பாகை என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். பிறகு வேறொரு காரணத்திற்காக அதே தொகுப்பிலிருந்து ஒரு வேஃபரை உடைத்துக் குறுக்குவெட்டைப் பார்த்தபோது, சுவர் நடுவில் உட்புறமாகக் குழிந்து, இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல நின்றது. எங்கள் சரிவக மாதிரியில் அப்படி ஒரு வடிவத்திற்கு இடமே இல்லை. இடம் கொடுக்காத வடிவம் விடையாக வர முடியாது. தனக்குக் கொடுக்கப்பட்ட எண்களை, குறிப்பாக அகலத்தையும் சாய்வையும், சற்று இங்கும் அங்கும் நகர்த்தி அந்தக் குழிவை அது ஈடுகட்டிவிட்டது.

அன்றிலிருந்து நான் இரண்டு பழக்கங்களை விடுவதில்லை. பொருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே சிறிது மாற்றி, மற்றவற்றை மீண்டும் பொருத்திப் பார்ப்பேன். அகலத்தை 3 நானோமீட்டர் கூட்டினாலும் சாய்வு அதற்கேற்ப நகர்ந்து பொருத்தம் கெடாமல் நிற்கிறது என்றால், அந்த இரண்டும் ஒன்றையொன்று மறைக்கின்றன, இரண்டில் எதையும் தனியாக அறிவிக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது, மாதிரியோடு கூடவே அதே நாளில், அதே முறையில் செய்த ஒரு துணைத் துண்டை உடைத்துப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைப்பேன். குறுக்குவெட்டு எந்த வகை வடிவத்தைத் தேட வேண்டும் என்று சொல்லும், அந்த வகைக்குள் எண்களை ஒளி சொல்லும்.

மேற்பரப்பில் தானாகப் படியும் இரண்டு நானோமீட்டர் அளவிலான ஆக்சைடு படலத்தை 400 நானோமீட்டர் மாதிரியில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இப்போதைய 4 மைக்ரோமீட்டர் மாதிரிக்கு அது பொருட்டே அல்ல.

பாலிகார்பனேட் (பதில்)

அணுவிசை நுண்ணோக்கி (கூர்முனையால் பரப்பை வருடி மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் ஆழத்திற்கு அதுவே நேர்வழி அல்லவா? உடைக்கவும் வேண்டாம், கணக்கும் எளிது. லேசர் கற்றை ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் 250 வரிகளை ஒரே நேரத்தில் பார்க்கிறது, கிடைப்பது அவற்றின் சராசரி மட்டுமே. ஒரு வரி பழுதாக இருந்தால் அது தெரியவே தெரியாது.

வேஃபர்_அளவையாளர் (பதில்)

ஆழத்திற்கு அணுவிசை நுண்ணோக்கி நல்ல துணை, மறுக்கவில்லை. இந்தப் பள்ளம் அகலமானது, அதன் முனை அடிவரை தடையின்றி இறங்கும். ஆனால் அகலத்திற்கும் சுவருக்கும் அதை நம்ப வேண்டாம். முனையே ஒரு கூம்பு, அதன் பக்கச் சாய்வைவிடச் செங்குத்தான சுவரை அது வருடும்போது படத்தில் பதிவது சுவரின் சாய்வு அன்று, முனையின் சாய்வுதான். சராசரியைப் பற்றிச் சொன்னது சரி. கீற்றணி ஒளியியல் உறுப்பாகப் பயன்படப் போகிறது என்றால் அந்தச் சராசரிதான் தேவையான அளவு. வரிக்கு வரி உள்ள ஏற்ற இறக்கம் முழுவதும் மறைந்துவிடுவதும் இல்லை, புள்ளிகளுக்கு இடைப்பட்ட இருளில் மெல்லிய ஒளித்தூவலாக அது படரும். அறையை நன்கு இருட்டாக்கிவிட்டு அங்கே பாருங்கள். வரிகள் சீராக இருந்தால் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும்.

நுண்வரி (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் அளவிட்டேன், முடிவுகளை இங்கே வைக்கிறேன்.

குறுந்தகட்டில் கோணங்கள் சரியாக வந்தன. வடிகட்டி வைத்துச் சோதித்தபோது என் டையோடும் தெவிட்டியிருந்தது தெரிந்தது, பெருக்கத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் அளந்தேன். வரிகள் ஓடும் திசையில் மூன்று பாகை சாய்த்தேன். இடப்புறமும் வலப்புறமும் அளவீட்டுப் பிழைக்குள் சமமாகவே உள்ளன.

முதலில் எனக்கு வியப்பளித்தது சுழி வரிசை. சிவப்பு ஒளியில் நேராக எதிரொளிக்கும் புள்ளியைவிட அதன் இருபுறமும் உள்ள முதல் வரிசைப் புள்ளிகள் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிகின்றன. விகிதம் 2.2. லேசரை மாற்றிப் பச்சையை வைத்ததும் நிலைமை தலைகீழானது, நடுப்புள்ளி ஓங்கி, முதல் வரிசை அதில் பாதியாகிவிட்டது.

சிவப்பு ஒளியில் முதல் வரிசையை 1 என்று கொண்டால் இரண்டாவது 0.13, மூன்றாவது 0.022, நான்காவது 0.056. மூன்றாவதைவிட நான்காவது இரண்டரை மடங்கு ஒளிர்வதைப் பார்த்துக் கருவியில்தான் பிழை என்று எண்ணி மும்முறை திருப்பி அளந்தேன். பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. இரண்டாம் வரிசையிலிருந்து நிரப்பு விகிதம் 0.383 என்று வருகிறது, அது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கிறது, மிகச் சரியாக மூன்றில் ஒன்றாக இருந்தால் மூன்றாம் வரிசை அறவே மறைந்துவிட வேண்டும். நுண்ணோக்கியில் பள்ளமே அகலம் என்று தெளிவாகத் தெரிகிறது. எனவே மேட்டின் அகலம் 1.53 மைக்ரோமீட்டர். ஆழத்திற்குச் சிவப்பு ஒளி 126, 190 ஆகிய இரண்டு விடைகளைத் தருகிறது. 126 என்றால் பச்சையில் முதல் வரிசை நடுப்புள்ளியைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும், 190 என்றால் பாதி. அளந்தது பாதி. எனவே 190 நானோமீட்டர்.

இப்போது என் ஐயம். நிரப்பு விகிதம் 0.383 எனக் கொண்டு செங்குத்துச் சுவருக்குக் கணக்கிட்டால் மூன்றாம் வரிசை 0.026, நான்காவது 0.071 வர வேண்டும். அளந்தவை இரண்டும் அவற்றைவிடக் குறைவு, உயர் வரிசையில் குறைவு அதிகம். சாய்ந்த சுவர் உயர் வரிசைகளைத் தொடும் என்று மேலே சொல்லியிருந்தீர்கள். இதிலிருந்து சுவர் சாய்ந்திருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

தளவிளைவு (பதில்)

எழுதாதீர்கள். அளவீடு அருமையாக வந்திருக்கிறது, ஆனால் அந்தக் குறைவுக்குச் சுவர் காரணமன்று. நான் முன்பு சொல்லாமல் விட்ட ஒன்றுதான் காரணம், பிழை என்னுடையது.

ஒரு வரிசை சாய்ந்து வெளியேறும்போது அதன் கற்றை கொசைன் அளவுக்குக் குறுகிவிடுகிறது, ஆகவே அது சுமந்து செல்லும் திறனும் அதே காரணியால் குறையும். உங்கள் டையோடு கற்றை முழுவதையும் வாங்கித் திறனைத்தான் அளக்கிறது. முதல் வரிசைக்கு இந்தக் காரணி 0.987, இரண்டாவதுக்கு 0.949, மூன்றாவதுக்கு 0.88, நான்காவதுக்கு 0.774. இதைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டால் நிரப்பு விகிதம் 0.380 ஆகிறது, மேட்டின் அகலம் 1.52 மைக்ரோமீட்டர். அந்த அகலத்தோடு செங்குத்துச் சுவருக்கு மூன்றாம் வரிசை 0.021 என்றும் நான்காவது 0.056 என்றும் வருகின்றன. உங்கள் எண்கள் இவைதாம்.

சுவர் இதில் ஏன் தெரிய முடியாது என்பதையும் பாருங்கள். ஆழம் 190 நானோமீட்டர். சுவர் 80 பாகையில் சாய்ந்திருந்தாலும் அது பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளும் இடம் 34 நானோமீட்டருக்கும் குறைவு, 4000 நானோமீட்டர் பிட்ச்சில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி ஒரு சாய்வு நான்காம் வரிசையில் ஏற்படுத்தும் மாற்றம் அரை விழுக்காட்டையும் எட்டாது, உங்கள் அளவீட்டுப் பிழையே அதைவிடப் பெரிது. செங்குத்துச் சுவர் என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது. அகலமும் ஆழமும் இந்த ஒளியில் இருக்கின்றன, சுவர் இல்லை.

எழுதுவதற்கு முன் இன்னொன்று மட்டும் செய்துவிடுங்கள். இந்தக் கணக்கு முழுவதும் ஒளியின் தளவிளைவைப் புறக்கணிக்கிறது. மின்புலம் வரிகளுக்கு இணையாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் எல்லா விகிதங்களையும் அளவிடுங்கள். இரண்டும் சில விழுக்காட்டுக்குள் ஒத்தால் கணக்கு நிற்கும், அந்த வேறுபாட்டையே உங்கள் பிழை எல்லையாகக் குறிப்பிடலாம். ஒத்துவராவிட்டால் இணையலைப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டியதுதான்.

வேஃபர்_அளவையாளர் (பதில்)

400 நானோமீட்டர் மாதிரியில் இதே 34 நானோமீட்டர், பிட்ச்சில் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும், அங்கே சுவர் கையொப்பத்தில் தெளிவாகவே பேசும். அந்த மாதிரிகள் தயாராகும் நாளில் ஒரு துணைத் துண்டையும் அதே தட்டில் வைத்து எட்ச்சிங் செய்யச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள்.

நுண்வரி (கேள்வி கேட்டவர்)

இரு தளவிளைவுகளிலும் அளந்துவிட்டேன். இரண்டாம் வரிசை விகிதம் இணையாக இருக்கும்போது 0.127, குறுக்காக இருக்கும்போது 0.133. அகலத்தை 1.52 என்றும், ஆழத்தை 190 என்றும், இந்த வேறுபாட்டைப் பிழை எல்லையாகவும் எழுதுகிறேன், சுவரைப் பற்றி இந்த மாதிரியில் எதுவும் சொல்லப்போவதில்லை. துணைத் துண்டுக்குத் தூய்மை அறைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த தொகுப்பில் இரண்டு துண்டுகள் சேர்த்து வைப்பதாக ஒப்புக்கொண்டார்.